கதாநாயகியின் தோழி சொன்னது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் சொன்ன ஒரே ஒரு சொல்லிலிருந்து பிறந்தது. சொன்னது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு. அந்தச் சொல்லைச் சொல்வதுதான் முப்பத்தெட்டு வருடம் என் உத்தியோகம். ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது சொல்லியிருப்பேன். (ஐம்பது. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். ஓய்வு பெற்றவனுக்கு அதைவிடப் பெரிய பொழுதுபோக்கு ஏது? போகப் போக உங்களுக்கே பழகிவிடும்.)

ஆனால் செவ்வாய்க்கிழமை அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் சொல்லவில்லை. ஓர் அம்மாவும் மகளும் இருந்த அறையில் சொன்னேன். சொல்லி முடித்த இரண்டாவது நிமிடம் மகள் படியிறங்கிப் போய்விட்டாள்.

இன்று வியாழன். நாற்காலிக் கையில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். அச்சில் நேராக்கிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

2

மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

"மழை கொட்டிக்கொண்டிருந்தது. இருண்ட அறையின் மூலையில் அந்த முன்னாள் தாரகை—"

மழை பெய்யவில்லை. நல்ல வெயில். தாரகையும் இல்லை.

"ஒரு காலத்தில் லட்சோப லட்சம் ரசிகர்களின் கனவில்—"

அவருக்கு வந்த ரசிகர் கடிதங்கள் மொத்தம் பதினொன்று. அதில் மூன்று விலாசம் மாறி வந்தவை.

"வறுமையின் பிடியில் வாடும் அந்த நடிகையை நாம் சந்தித்தபோது—"

நான் அவரைச் சந்திக்கும்போதெல்லாம் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார். வாடுவது நான்தான். சீட்டை முழங்காலுக்கடியில் ஒளித்து வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆகவே தொடக்கம் இல்லாமலே உள்ளே போகிறோம். தலை தட்டாமல் குனிந்து வாருங்கள்.

3

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். அவசரக்காரர்கள் நான்குக்குப் போகலாம். ஆனால் என் வீட்டுக்காரி, "இதுதான் இதுல உருப்படியான பகுதி" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அவர் உடைப் பிரிவில் தையல் வேலை பார்த்தவர். எந்த நடிகைக்கு எந்த வருடம் இடுப்பு எத்தனை அங்குலம் என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வார்.)

கதாநாயகிகள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று, "போடி, உனக்கு எப்பவும் அவர் நினைப்புதான்" என்று சொல்லிக் கிள்ளிவிட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் இரண்டே பதில்தான் எதிர்பார்க்கிறார்கள்: ஒன்று, சோற்றுக்கில்லாமல் செத்திருக்க வேண்டும், அல்லது சாமியாராகப் போயிருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தவர்கள் அப்படி ஒத்துழைக்கவில்லை. படம் தவறாமல் கத்திக்குத்து வாங்கிச் செத்துக்கொண்டிருந்த ஒருவர் இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். "பிரேக்கை மிதி" என்று அவர் கத்தினால் அடுத்த தெருவில் பேருந்து நிற்கும். வில்லனின் மடியில் உட்காருவதற்கென்றே இருந்த இன்னொருவர் நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தார். அவர் முன்னால் யாரும் இருமியதுகூட இல்லை. மூன்றாவது ஒருவர், முகத்தில் மச்சம் உள்ளவர், ஒரு படப்பிடிப்பு முடிந்து வண்டியில் ஏறினார். எங்கே இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை.

4

நம்முடைய நடிகைக்குப் பெயர் வேண்டாம். முப்பத்துநான்கு படங்களில் கதாநாயகியின் தோழியாக வந்ததால் எல்லாருக்கும் அவர் தோழியம்மாதான். முகம் நிலவு மாதிரி இருக்கும். குரல்? தகரக் கொட்டகையில் யாரோ மேசையை இழுக்கிற மாதிரி. முதல் படத்திலேயே தயாரிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டு, "இந்தப் பொண்ணு வாயைத் திறக்கட்டும், சத்தம் வேற யார்கிட்டயாவது வாங்கு" என்று சொல்லிவிட்டார்.

வாங்கினோம். அவர்தான் குரலக்கா. இருட்டு அறையில் திரைக்கு முன்னால் நிற்பார். திரையில் தோழியம்மாவின் வாய் அசையும். அந்த அசைவு தொடங்குகிற இடத்தில் தொடங்கி, முடிகிற இடத்தில் குரலக்கா முடிப்பார். கண்ணாடிக்குப் பின்னால் நான் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒட்டினால் "ஓகே". ஒட்டாவிட்டால் மறுபடியும். இதில் என் சொந்தச் சட்டம் ஒன்றும் உண்டு: உதடு கொஞ்சம் பிசகினாலும், பேசியது உயிரோடு இருந்தால் ஓகே. ஓகே சொன்னதும் படப்பிடிப்பில் பதிவான தோழியம்மாவின் அசல் குரலை அழித்துவிட வேண்டும். அதுவும் என் வேலைதான். முப்பத்துநான்கு படம். அந்தத் தகரக் கொட்டகைச் சத்தத்தைக் கடைசியாகக் கேட்ட காது என்னுடையது.

[இதை அடிக்குறிப்பில் போட நினைத்தேன், ஆனால் அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்? பிற்காலத்தில் நேரம் மிச்சம் பிடிக்க முறையையே தலைகீழாக்கினோம். குரலக்கா முதலில் பேசிவிடுவார். அதை ஒலிபெருக்கியில் போட, தோழியம்மா அதற்கேற்ப நடிப்பார். குரல் விம்மினால் இவர் கண் கலங்கும். குரல் சிரித்தால் இவர் கன்னம் குழியும். யோசித்துச் செய்வதில்லை. மருத்துவர் முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுமே, அந்த மாதிரி.]

படங்கள் நின்றன. இரண்டு பேருக்கும் வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒன்றாக ஓர் இரண்டாம் மாடி வீட்டில் குடியேறினார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் தோழியம்மாவின் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. வாய் அசையும், சத்தம் வராது. பின்னால் நின்று குரலக்கா பேசிவிடுவார். புதன்கிழமைதோறும் சீட்டாடப் போகும் எனக்கு இது ஒன்றும் புதுசாகப் படவில்லை. பழைய வேலை, புது அறை. அவ்வளவுதான்.

புதுசாகப் பட்டிருக்க வேண்டும்.

5

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"நீங்கதான் சவுண்டு அங்கிளா?"

"இருந்தேம்மா. இப்ப என் சவுண்டு என் வீட்டுலயே எடுபடறதில்ல. நீ யாரு?"

"தோழியம்மாவோட பொண்ணு."

மகள் உண்டு என்று தெரியும், பார்த்ததில்லை. இரண்டு வயதிலேயே பெரியம்மாவிடம் விடப்பட்டவள். ரயிலில் ஒன்றரை நாள் தூரத்தில் பல் டாக்டர். (அடுத்தவர் வாயைப் பார்த்தே பிழைக்கிறவள், வாய் என்ன பேசுகிறது என்று தெரியாமல் என்னிடம் வந்தாள். இந்த நகைச்சுவை அப்போதே எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.)

"நேத்து சொல்லாம கொள்ளாம வந்து நின்னேன் அங்கிள். அம்மாதான் கதவைத் திறந்தாங்க. 'எப்படிம்மா இருக்கீங்க'ன்னு கேட்டேன். அம்மா வாய் அசையுது... சத்தம் சமையலறையிலேர்ந்து வருது."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல பேசறேன். போன வாரம்கூட முக்கா மணி நேரம். ஆபரேஷன் ஆகி மூணு வருஷமாச்சாம். அப்ப நான் யார்கூடப் பேசினேன்?"

"ஏம்மா, குரல் வித்தியாசம் தெரியலையா?"

"எப்படித் தெரியும்? பெரியம்மா வீட்டுல அம்மா படத்தைப் போட்டுப் போட்டுக் காட்டுவாங்க. அதுல கேட்டதுதான் எனக்கு அம்மா குரல். ஏழு வயசுல ஒரு தடவை அம்மா நேர்ல வந்தாங்களாம். வாயைத் திறந்ததும் 'இது எங்கம்மா இல்ல'ன்னு நான் அலறிட்டேனாம். அதுக்கப்புறம் அம்மாவே இவங்ககிட்ட சொல்லிட்டாங்களாம், இனிமே போன்ல நீயே பேசிடுன்னு. எல்லாம் நேத்துதான் இவங்க வாயாலயே கேட்டேன். என் கல்யாணத்துக்கு வந்தப்பகூட, தொண்டை கட்டியிருக்குன்னு சைகை காட்டிட்டு ரெண்டு நாளும் வாயே திறக்கல."

என் வீட்டுக்காரி கையில் பிடித்திருந்த தேநீரைத் தானே குடித்துவிட்டார். அவருக்கு அதிர்ச்சி வந்தால் அப்படித்தான்.

எனக்கு? நான் கூட்டிச் சொல்கிறவன் என்றேன் அல்லவா. இதைக் கூட்டிச் சொல்ல இடமே இல்லை. ஒரு குழந்தை அலறியதற்கும், நான் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அழித்துக்கொண்டிருந்ததற்கும் நடுவில்— (இந்த வாக்கியத்தை எட்டு முறை தொடங்கிவிட்டேன். இப்படியே கிடக்கட்டும்.)

"அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போகணும்," என்றாள். "கீழ்த்தளத்துல ரூம்கூடத் தயார். ஆனா நான் கேட்டா யார் பதில் சொல்றாங்கன்னே தெரியல. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்கதான் உதட்டைப் பார்த்துச் சொல்லணும். வர்றேன்னா கூட்டிட்டுப் போறேன். வரலைன்னா விட்டுடறேன். இனிமே கேக்கவும் மாட்டேன்."

"குரலக்காவையும் சேர்த்து—"

"அந்தக் குரலை என் வீட்டுல என்னால கேக்க முடியாது அங்கிள்."

6

அறையை இருந்தபடியே சொல்கிறேன். ஜன்னலோரம் கட்டில். பக்கத்தில் கைவைத்த நாற்காலி. அதில் தோழியம்மா, இளம்பச்சைச் சேலை. கொடியில் கழுத்துத் துணிகள் வரிசையாகக் காய்கின்றன, பொம்மைகளுக்குத் துவைத்துப் போட்ட மாதிரி. நாற்காலிக்குப் பின்னால், வலது தோள் பக்கம், குரலக்கா. நான் நேர் எதிரே. மகள் தரையில் மண்டியிட்டு அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்கூட வர்றீங்களா?"

தோழியம்மாவின் உதடுகள் அசைந்தன. எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முப்பத்துநான்கு படத்தில் நான் பார்த்த உதடு.

*என்னைக் கூட்டிட்டுப் போ. இன்னைக்கே போலாம்.*

அதே நொடியில், அதே நீளத்துக்கு, குரல் வந்தது:

"நான் இங்கயே இருந்துக்கறேன். நீ போய்ட்டு வா."

தொடங்கிய இடத்தில் தொடங்கி, முடிந்த இடத்தில் முடிந்தது. 'போய்ட்டு வா'வில் ஒரு சின்ன உடைசல். இருபது வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

சத்தம் வருகிற பக்கம்தான் மனிதர் கண் போகும். மகள் நிமிர்ந்து குரலக்காவைப் பார்த்தாள். பிறகு சட்டென்று அம்மாவைப் பார்த்தாள். அதற்குள் அங்கே நடந்துவிட்டது. தோழியம்மாவின் கண் கலங்கியிருந்தது. தலை இடமும் வலமும் மெல்ல ஆடியது: வரவில்லை, வரவில்லை. கை மகளின் கன்னத்தைத் தடவி விலகியது. கேட்ட குரலுக்கு ஏற்ப முகம் நடித்துக்கொண்டிருந்தது.

(இது கூட்டல் இல்லை.)

மகள் என் பக்கம் திரும்பினாள். "அங்கிள்? அம்மா சொன்னதும் இவங்க பேசினதும் ஒண்ணுதானா?"

என் வாய் சொன்னது:

"ஓகே."

7

படியில் குரலக்காவைப் பிடித்தேன். முப்பத்தாறு படி. மகளை வழியனுப்ப இறங்கியவர், பாதியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"லிப் வேற சொல்லிச்சு," என்றேன்.

"தெரியும். எனக்கில்லாம யாருக்குத் தெரியும்?"

"அப்புறம் ஏன்?"

"நான் எந்தப் படத்துல எழுதிக்குடுத்ததை எழுதிக்குடுத்தபடியே பேசியிருக்கேன், சொல்லுங்க சவுண்டு. நல்லா இல்லாததை நல்லாக்கித்தான் பேசினேன். நீங்களும் ஓகே சொல்லிட்டுத்தானே இருந்தீங்க. இன்னைக்கும் சொன்னீங்க."

"இது படமில்ல."

"ஓ, அப்ப முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை? பரீட்சையில தோத்துட்டு அழுதப்ப யார் பேசினா? பிரசவத்துக்கு முந்தின நாள் யார் பேசினா? அவ அம்மா பக்கத்துல உக்காந்துட்டு 'சாப்பிட்டாளான்னு கேளு, சாப்பிட்டாளான்னு கேளு'ம்பா. மீதியெல்லாம் நான் பேசினது. அந்தப் பொண்ணு என்கிட்டதான் வளந்தா சவுண்டு. இப்ப என் சத்தம் ஆகாதாம், நேத்தே சொல்லிட்டா."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவ அம்மாவும் போயிட்டா நான் யாருக்குப் பேசறது? எனக்குன்னு பேச என்ன இருக்கு? கடையில போய் நின்னா ஒரு பொருளைக் கேக்க எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது, தெரியுமா உங்களுக்கு?"

8

இந்த இடத்தில் குரலக்காவை வில்லியாக்கிவிடலாம் என்று முயன்றேன். ஒரு பக்கம் எழுதினேன். புருவத்தைக்கூட உயர்த்திவிட்டேன். எடுபடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை அந்தக் கழுத்துத் துணியைக் கொதிநீரில் போட்டு அலசுகிறவரை எந்தப் புருவத்தை வைத்து வில்லியாக்குவது?

தோழியம்மாவைச் சந்தேகித்துப் பார்த்தேன். ஒருவேளை குரலைக் கேட்டபின் மனம் மாறி, நிஜமாகவே தலையாட்டியிருந்தால்?

வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவர் கேட்டது வேறு.

"நீங்க ஓகேன்னா சொன்னீங்க?"

"பழக்கதோஷம்."

"அந்தப் பொண்ணு கீழ இறங்கற வரைக்கும் ரெண்டு நிமிஷம் இருந்துச்சே. அதுவும் பழக்கதோஷமா?"

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் எழுதியதை மட்டும் வாங்கிப் படித்து, பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பித் தருகிறார். நாற்பத்தைந்து வருட தாம்பத்யத்தில் இப்படி எழுத்துமூலமாக நடப்பது இதுவே முதல் தடவை.

முடிவு ஒன்று: நான் மகளுக்குப் போன் செய்கிறேன். அவள் ஓடி வருகிறாள். அம்மாவைக் கூட்டிப் போகிறாள். ஜன்னலில் குரலக்கா. வாய் அசைகிறது, சத்தம் வரவில்— (ஓரத்தில் பென்சில்: "அழவைக்கப் பாக்கறீங்க. அடிங்க இதை.")

முடிவு இரண்டு: மகள் மனம் இளகி இரண்டு பேரையும் அழைத்துப் போகிறாள். ரயில் பெட்டியில் மூவரும் சிரிக்கிறார்கள். (பென்சில்: "உங்க பழைய கம்பெனிப் படம். ஓடாது.")

முடிவு மூன்று: குற்ற உணர்ச்சி தாளாமல் கதைசொல்லி மாரடைப்பில் விழுந்து— (பென்சில்: "அவ்வளவு சுலபமா?")

9

இன்று காலை மறுபடி போனேன். குரலக்கா குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தார். குழாய்ச் சத்தம் பலமாகக் கேட்டது. தோழியம்மா நாற்காலியில் இருந்தார். எதிரே உட்கார்ந்தேன். இரகசியமாய்க் கேட்டேன்:

"அன்னைக்கு... உங்க மனசுல உள்ளது எது?"

உதடு அசைந்தது. *நீங்க எதை வச்சுக்கிட்டீங்க?*

"என்னது?"

*ரெண்டு பதில் சொன்னேனே. எதை வச்சுக்கிட்டீங்க?*

இந்த மனுஷி அதை ஒரு படப்பிடிப்பு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அல்லது வாழ்நாள் முழுக்க அவருக்கு நடந்தது இதுதானோ? அவர் எதையாவது சொல்வார். வேறெங்கோ யாரோ உட்கார்ந்து, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள்.

"ரெண்டாவதை," என்றேன்.

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். கோபமில்லை. ஏமாற்றம்கூட இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. பிறகு என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாக உதட்டை அசைத்தார்:

*முதல்ல சொன்னதுதான் நல்லா வந்துச்சு. பொண்ணை இன்னொரு தடவை வந்து கேக்கச் சொல்லுங்க. அவ மட்டும் இருக்கறப்ப.*

குழாய் நின்றது. ஈரக் கையோடு குரலக்கா வாசலில் நின்றார்.

"என்ன சொல்றா?"

முப்பத்தெட்டு வருடமாக அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவன் நான். உதடு அங்கே சொல்லிவிட்டது. இப்போது குரல் நான்தான். இரண்டு பெண்களும் என் வாயையே பார்க்கிறார்கள்.

"தண்ணி கேக்கறாங்க," என்றேன்.

10

கதைசொல்லிகள் இந்த இடத்தில் முடிவைக் கொடுப்பார்கள். நான் கொடுக்கப்போவதில்லை. மகளின் ரயில் நாளைக் காலை பத்தேகாலுக்கு. அவள் தங்கியிருக்கும் விடுதியின் எண் என் சட்டைப்பையில் இருக்கிறது. போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எடுத்துப் பேசினால் என் வாயிலிருந்து எது வரும் என்று எனக்கே உத்தரவாதமில்லை. காகிதம் நிறைய மிச்சமிருக்கிறது. நீங்கள் எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குரலக்கா சமையலறைக்குப் போய் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தோழியம்மா என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டு, வெயிலில் வெகுதூரம் நடந்து வந்தவரைப்போல மார்பு ஏறியிறங்கப் பெருமூச்சு விட்டார். அவருக்குத் தாகமே இல்லை என்று தெரிந்த எனக்கே, பாவம், எவ்வளவு தாகமோ என்று தோன்றியது.

நீங்கள் எதை எழுதினாலும் அவர் அதையும் அப்படியே செய்துவிடுவார். பார்த்து எழுதுங்கள்.